கடைசி வரிசையில் நாலு கண்ணி

ஓயிஷி: இல்லங்க, டாங்க் வேண்டாம். உங்க கம்பெனி பொம்மை டாங்க் ஏற்கெனவே இருக்கு. அந்தச் சங்கிலி மட்டும் வேணும்.

கட்சுமாதா: சங்கிலின்னா... சக்கரத்தைச் சுத்தி ஓடுமே, அதுவா?

ஓயிஷி: அதுதான். சின்னச் சின்னக் கண்ணியா இருக்கு. ஒண்ணுல ஒண்ணைச் செருகணும். ‘டக்’குனு சத்தம் வரணும்னு தாள்ல போட்டிருக்கு.

கட்சுமாதா: லைன்லயே இருங்க. பெட்டி மேல என்ன பேர் இருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?

ஓயிஷி: தொண்ணூத்தேழாம் மாடல் நடுத்தர டாங்க். முப்பத்தஞ்சுல ஒரு பங்கு அளவு. மூடிப் படத்துல ஒரு சிப்பாய் மேல தலையை நீட்டிக்கிட்டு வெயில்ல நிக்கிறான். பாவம், வேர்த்துக் கொட்டுது அவனுக்கு.

கட்சுமாதா: சரி, அது டி ஃபிரேம், கண்ணியெல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம். ஒரு ஃபிரேம்ல தொண்ணூத்தாறு கண்ணி. பெட்டியில ரெண்டு ஃபிரேம் இருந்திருக்குமே. வரலையா?

ஓயிஷி: வந்துச்சு. தீந்துபோச்சு.

கட்சுமாதா: தீந்துபோக அது சாப்பிடற பொருள் இல்லையேங்க.

ஓயிஷி: உடைஞ்சுபோச்சுன்னு வச்சுக்குங்க. பாதி கையில உடைஞ்சுது. பாதி கீழ விழுந்து, தேடப்போய் நானே மிதிச்சேன்.

கட்சுமாதா: பேரனுக்குச் செஞ்சு குடுக்கறீங்களா?

ஓயிஷி: பேரன் இருந்தாத்தான் உதிரிப் பாகம் அனுப்புவீங்களா?

கட்சுமாதா: ஐயோ, அப்படி இல்ல. சின்னப் பசங்களுக்குன்னா ரப்பர்ல ஒரே பட்டையா வர்ற மாடல் இருக்கு. வளைச்சு மாட்டிட்டாப் போதும். இது கஷ்டம்.

ஓயிஷி: கஷ்டமானதையே அனுப்புங்க.

கட்சுமாதா: ...எங்க வாங்கினீங்க இதை?

ஓயிஷி: வாங்கல. யாய்சுல எங்க கடைத்தெருவுல வருஷக் கடைசிக் குலுக்கல். மூணாம் பரிசு அரிசி குக்கர். அதை நினைச்சுத்தான் குலுக்கல் டப்பாவைச் சுத்தினேன். பச்சை உருண்டை விழுந்துச்சு. டாங்கைத் தூக்கிக் கையில குடுத்துட்டாங்க.

கட்சுமாதா: குக்கர் யாருக்குப் போச்சு?

ஓயிஷி: மீன் கடைக்காரனுக்கு. அவன் வீட்டுல ஏற்கெனவே ரெண்டு இருக்கு.

கட்சுமாதா: சரிங்க. ஒரு டி ஃபிரேம் அனுப்பறேன். பேரும் விலாசமும் சொல்லுங்க.

* * *

ஓயிஷி: உதிரிப் பாகப் பிரிவுதானே? போன மாசம் பேசின ஆள்தானா நீங்க?

கட்சுமாதா: இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன். கட்சுமாதா. நீங்க... அரிசி குக்கர்.

ஓயிஷி: ஓயிஷின்னு ஒரு பேரும் இருக்கு எனக்கு.

கட்சுமாதா: மன்னிச்சிருங்க ஓயிஷி சான். ஃபிரேம் வந்து சேந்துச்சா?

ஓயிஷி: சேந்துச்சு. இன்னொண்ணு வேணும்.

கட்சுமாதா: மறுபடியும் மிதிச்சுட்டீங்களா?

ஓயிஷி: இந்தத் தடவை ஒண்ணு கூட உடையல. தொண்ணூத்திரெண்டு கோத்துட்டேன். நாலு மட்டும் ஏற மாட்டேங்குது.

கட்சுமாதா: எவ்வளவு நேரம் எடுத்துச்சு?

ஓயிஷி: இருபத்திமூணு நாள்.

கட்சுமாதா: ...நாளா?

ஓயிஷி: நாள்தான். ஏன், மத்தவங்களுக்கு எவ்வளவு ஆகும்?

கட்சுமாதா: பொதுவா... ஒரு சாயங்காலம்.

ஓயிஷி: அவங்க அவசரக்காரங்க.

கட்சுமாதா: சரிதான். டாங்க் எந்த அளவுல இருக்கு? பீரங்கி மாட்டியாச்சா, வண்ணம் அடிச்சாச்சா?

ஓயிஷி: டாங்க் பெட்டியிலயே இருக்கு. பையைக் கூடப் பிரிக்கல.

கட்சுமாதா: அப்போ சங்கிலியை எதுல மாட்டுவீங்க?

ஓயிஷி: எதுலயும் மாட்டல. கோக்கறேன். சுருட்டி பிஸ்கட் டப்பாவுல போட்டு வைக்கறேன்.

கட்சுமாதா: ஓயிஷி சான், நான் இந்த மேசைக்கு வந்து ஆறு வருஷமாச்சு. விமானத்துக்கு மூக்கு கேட்டிருக்காங்க, கப்பலுக்கு நங்கூரம் கேட்டிருக்காங்க. டாங்கே வேண்டாம், சங்கிலி மட்டும் போதும்னு...

ஓயிஷி: நான்தான் முதல் ஆளா?

கட்சுமாதா: நீங்கதான்.

ஓயிஷி: நல்லது. ஒரு ஃபிரேம் அனுப்புங்க. அந்த நாலு ஏன் ஏறலன்னு நான் பாத்துக்கறேன்.

* * *

கட்சுமாதா: உதிரிப் பாகப் பிரிவு, கட்சுமாதா பேசறேன்... ஹச்... மன்னிக்கணும்.

ஓயிஷி: மகரந்தமா?

கட்சுமாதா: மார்ச் வந்தாப் போதும், மலையில இருக்கற தேவதாரு பூராவும் என் மூக்குல வந்து உக்காந்துடும். ஓயிஷி சான்தானே?

ஓயிஷி: கண்டுபிடிச்சிட்டீங்களே.

கட்சுமாதா: டி ஃபிரேமை எடுத்து மேசை மேலயே வச்சிருக்கேன். எத்தனை ஏறல?

ஓயிஷி: நாலு.

கட்சுமாதா: மறுபடியும் நாலா...

ஓயிஷி: அதேதான் நானும் யோசிச்சேன். கைத் தவறுன்னா ஒரு தடவை மூணு இருக்கணும், ஒரு தடவை ஏழு இருக்கணும். அது என்ன, சொல்லிவச்ச மாதிரி நாலு?

கட்சுமாதா: தற்செயலா இருக்கும்.

ஓயிஷி: இருக்கலாம். அதனால இந்தத் தடவை ஒரு காரியம் செய்யப் போறேன். ஃபிரேம்ல பன்னண்டு வரிசை இருக்கில்ல? பன்னண்டு டீக் கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன். ஒரு வரிசையை வெட்டினா ஒரு கிண்ணம். கலந்துபோகாது. எந்த வரிசைக்காரன் தகராறு பண்றான்னு தெரிஞ்சிரும்.

கட்சுமாதா: நீங்க போலீஸ்ல இருந்தீங்களா?

ஓயிஷி: இல்ல. நீங்க எப்பவுமே டெலிபோன்தானா?

கட்சுமாதா: முன்னாடி பதினாலு வருஷம் அச்சுப் பட்டறையில இருந்தேன். பிளாஸ்டிக்கை ஊத்துற இரும்பு அச்சு இருக்கில்ல, அதைக் குடையற வேலை. முதுகு போச்சுன்னு இங்க உக்கார வச்சுட்டாங்க.

ஓயிஷி: அப்போ உங்களுக்குத்தான் தெரியும். ஒரு அச்சுல நாலே நாலு கண்ணி மட்டும் தப்பா வரலாமா?

கட்சுமாதா: ...பெரும்பாலும் வராது. சோதிச்சுத்தான் வெளிய விடுவோம்.

ஓயிஷி: பெரும்பாலும்.

கட்சுமாதா: நானும் இங்க ஒரு ஃபிரேமை எடுத்து அளந்து பாக்கறேன். அடுத்த தடவை சொல்றேன்.

ஓயிஷி: அளந்து பாருங்க. நானும் கிண்ணத்துல பாக்கறேன்.

* * *

ஓயிஷி: கடைசி வரிசை. வலது பக்கம் இருக்கற நாலு.

கட்சுமாதா: ஓயிஷி சான்... வணக்கம் கூடச் சொல்லாம...

ஓயிஷி: வணக்கம். புது டீத்தூள் வந்திடுச்சா உங்க பக்கம்?

கட்சுமாதா: வந்திடுச்சு. முதல் பறிப்பு. நல்லா இருக்கு.

ஓயிஷி: சந்தோஷம். கடைசி வரிசை, வலது பக்கம் நாலு. மத்த பதினோரு கிண்ணமும் காலி. பன்னண்டாவதுல நாலு பேர் உக்காந்துக்கிட்டு என்னையே பாக்கறாங்க. நீங்க அளந்தீங்களா?

கட்சுமாதா: அளந்தேன்.

ஓயிஷி: என்ன வந்துச்சு?

கட்சுமாதா: ...எல்லாம் சரியாத்தான் இருக்கு.

ஓயிஷி: நாலுமா?

கட்சுமாதா: நாலும். அந்தப் பாகத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒரு புகார் கூட வந்ததில்ல. பதிவேட்டுலயும் பாத்துட்டேன்.

ஓயிஷி: அப்போ ஏன் எனக்கு மட்டும் ஏறல?

கட்சுமாதா: அது... கடைசி வரிசையைக் கடைசியாத்தானே கோக்கறீங்க?

ஓயிஷி: ஆமா.

கட்சுமாதா: அதுக்குள்ள எண்பது தொண்ணூறு கோத்திருப்பீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பாகத்துல ஒண்ணுமில்ல. உங்க கைதான்.

ஓயிஷி: என்ன சொன்னீங்க?

கட்சுமாதா: கை... சோர்ந்துபோயிருக்கும்னு சொன்னேன். யாருக்கும் அப்படி ஆகும்.

ஓயிஷி: யாருக்கும் ஆகும்.

கட்சுமாதா: ஆமா. லைன்ல இருக்கீங்களா?

ஓயிஷி: இருக்கேன். ஒரு ஃபிரேம் அனுப்புங்க.

கட்சுமாதா: அனுப்பறேன். வேற எதுவும்...

ஓயிஷி: வேற ஒண்ணுமில்ல. வச்சிடறேன்.

* * *

கட்சுமாதா: கொஞ்ச நாளா உங்க குரலைக் காணோமேன்னு நினைச்சேன்.

ஓயிஷி: வேலையா இருந்தேன். நீங்க சொன்னதை நினைச்சுப் பாத்தேன். கடைசில கை சோர்ந்துபோகுதுன்னு.

கட்சுமாதா: ம்.

ஓயிஷி: அதனால புது ஃபிரேம்ல கடைசி வரிசையை முதல்ல எடுத்தேன். காலையில எழுந்து, முகம் கழுவி, சுடுதண்ணியில பத்து நிமிஷம் கையை வச்சு எடுத்துட்டு, அந்த நாலைத்தான் முதல்ல தொட்டேன்.

கட்சுமாதா: ...ஏறிச்சா?

ஓயிஷி: ஏறல. ஆனா இடது பக்கம் இருக்கற நாலும் ஏறிச்சு. அதே வரிசை, அதே கை, அதே காலை. ‘டக்’, ‘டக்’, ‘டக்’, ‘டக்’. அப்புறம் சத்தமே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் பாத்தேன். அப்பவும் இல்ல. இப்ப என்ன சொல்றீங்க?

கட்சுமாதா: ஓயிஷி சான், இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. செருகற முளையைக் கத்தியால லேசா ஒரு இழை சீவிடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. பிளாஸ்டிக்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

ஓயிஷி: சீவ மாட்டேன்.

கட்சுமாதா: ஏன்? யாருக்கும் தெரியாதே.

ஓயிஷி: எனக்குத் தெரியுமே. சீவி ஏத்தினா அது நான் ஏத்தினதாகாது.

கட்சுமாதா: போட்டிக்கா வைக்கப் போறீங்க? போட்டியில கூட இதையெல்லாம் பாக்க மாட்டாங்க. சங்கிலியில பாதி சேறு பூசி மறைச்சுடுவாங்க.

ஓயிஷி: போட்டியும் இல்ல, சேறும் இல்ல.

கட்சுமாதா: பின்ன எதுக்குங்க இவ்வளவு பிடிவாதம்? பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு அந்த நாலை மட்டும் ஏத்தச் சொல்லுங்களேன்.

ஓயிஷி: சொன்னேன். என் நாத்தனார்கிட்ட.

கட்சுமாதா: அவங்களுக்கு ஏறிச்சா?

ஓயிஷி: அவ ஒண்ணே ஒண்ணை எடுத்து அமுக்கிப் பாத்துட்டு, “இதெல்லாம் உனக்கு எதுக்கு, விடு”ன்னுட்டு டிவி போட்டுட்டா. அவ எதைச் சொன்னாலும் கடைசில ‘விடு’ன்னுதான் முடிப்பா.

கட்சுமாதா: ...அவங்க சொல்றதும்...

ஓயிஷி: நீங்களும் ‘விடு’ன்னு சொல்லப் போறீங்களா?

கட்சுமாதா: இல்ல. சொல்லல.

ஓயிஷி: அப்போ நேரா ஒரு கேள்வி. நிஜமாவே அளந்தீங்களா?

கட்சுமாதா: ஓயிஷி சான், இந்தப் பேச்செல்லாம் பதிவாகுது. கம்பெனி வழக்கம்.

ஓயிஷி: பதிவாகட்டுமே. அளந்தீங்களான்னுதானே கேட்டேன். அதுல என்ன ரகசியம்?

கட்சுமாதா: அளந்தேன்னு அன்னைக்கே சொன்னேனே.

ஓயிஷி: சொன்னீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டீங்க.

கட்சுமாதா: மகரந்தம்.

ஓயிஷி: மே மாசத்துலயா?

கட்சுமாதா: ...வேற லைன் வருது. ஃபிரேமை இன்னைக்கே தபால்ல போட்டுடறேன்.

* * *

கட்சுமாதா: உதிரிப் பாகப் பிரிவு, கட்சுமாதா.

ஓயிஷி: ஓயிஷி பேசறேன். இன்னைக்கு ஃபிரேம் எதுவும் வேண்டாம்.

கட்சுமாதா: வேண்டாமா... அப்போ ஏறிடுச்சா?

ஓயிஷி: ஏறல. நீங்க அனுப்பின அஞ்சாவது ஃபிரேம்லயும் அதே நாலு. கட்சுமாதா சான், உங்களுக்கு இப்ப நேரம் இருக்கா?

கட்சுமாதா: இருக்கு. மழை பெய்யுது, போனே வரல.

ஓயிஷி: இங்கயும் மழைதான். மூணு மணிக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இப்ப ரெண்டே முக்கால்.

கட்சுமாதா: மூணு மணிக்கு என்ன?

ஓயிஷி: அது என் விஷயம். நீங்க பதில் சொல்லுங்க. அந்த நாலு கண்ணி சரியா, தப்பா? ஒரே வார்த்தை போதும்.

கட்சுமாதா: நான்தான் ஏற்கெனவே...

ஓயிஷி: ஏற்கெனவே சொன்னதை நான் கேக்கல. இப்ப கேக்கறேன்.

கட்சுமாதா: உங்களுக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம்னு சொன்னீங்கன்னா, நானும்...

ஓயிஷி: சொல்ல மாட்டேன்.

கட்சுமாதா: ஏன்?

ஓயிஷி: சொன்னா நீங்க எனக்கு ஏத்த மாதிரி பதில் சொல்லிடுவீங்க. சுத்தி இருக்கறவங்க எல்லாம் அதைத்தான் செய்யறாங்க. ஒருத்தர் “எல்லாம் சரியாயிடும்”கறார். இன்னொருத்தி ‘விடு’ங்கறா. ரெண்டு பேருமே என் முகத்தைப் பாத்துச் சொல்றாங்க. என் முகத்தைப் பாக்காத ஒரே ஆள் நீங்கதான். நான் திட்டறதுக்குக் கூப்பிடல. பணம் திருப்பிக் குடுங்கன்னு கேக்கல. உங்க மேலதிகாரிக்கு எழுதப் போறதும் இல்ல. சரின்னா ‘சரி’ன்னு சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன். அதோட விட்டுடறேன். ஆனா உண்மையைச் சொல்லணும்.

கட்சுமாதா: நான் ‘சரி’ன்னு சொன்னா விட்டுடுவீங்களா? நீங்களா?

ஓயிஷி: விட்டுடுவேன். அளவுகோல் உங்க கையிலதான் இருக்கு. என்கிட்ட இருக்கறது பன்னண்டு கிண்ணம்.

கட்சுமாதா: ...

ஓயிஷி: ரெண்டு அம்பது.

கட்சுமாதா: தப்பு.

ஓயிஷி: என்ன?

கட்சுமாதா: அந்த நாலும் தப்பு. முளை தடிமனா இருக்கு. ஒரு மில்லிமீட்டரை நூறாப் பிரிச்சா அதுல அஞ்சு பங்கு அதிகம்.

ஓயிஷி: அது எவ்வளவு... எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

கட்சுமாதா: ஒரு தலைமுடியில பாதி.

ஓயிஷி: ...முடியில பாதியா. அது எனக்குத் தெரியும் எவ்வளவுன்னு.

கட்சுமாதா: மார்ச்சுலயே அளந்தேன். அளக்கறதுக்கு முன்னாடியே தெரியும். அந்த அச்சைக் குடைஞ்சது நான்தான் ஓயிஷி சான். பதினோரு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் லீவுக்கு முந்தின நாள். கடைசி வரிசையில பாதிக்கு வரும்போது உளி முனை உடைஞ்சு, பள்ளம் அகலமா விழ ஆரம்பிச்சுது. மாத்தணும்னா ரெண்டு மணி நேரம் ஆகும். எல்லாரும் கிளம்பிட்டாங்க. லீவு முடிஞ்சு வந்து சரி பண்ணிடலாம்னு ‘சரி’ன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தப்போ அச்சு மெஷின்ல ஏறி ஓடிக்கிட்டிருந்துச்சு.

ஓயிஷி: யார்கிட்டயும் சொல்லலையா?

கட்சுமாதா: யாராவது எழுதினா ஒத்துக்கலாம்னு இருந்தேன். முதல் வருஷம் தினமும் பயம். யாரும் எழுதல. எல்லாரும் ஒரு இழை சீவிட்டுப் போயிட்டாங்க. இத்தனை ஆயிரம் பெட்டி வித்திருக்கு, நீங்க ஒருத்தர்தான் சீவ மாட்டேன்னு உக்காந்தீங்க. உங்க கைன்னு சொன்னேன் பாருங்க, அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கல.

ஓயிஷி: இதுவும் பதிவாகுதா?

கட்சுமாதா: ஆகுது. ஆகட்டும். நாளைக்குப் பட்டறைத் தலைவர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்.

ஓயிஷி: கட்சுமாதா சான், ஒண்ணு கேக்கறேன். எனக்காகப் பாவப்பட்டு இதைச் சொல்லலையே?

கட்சுமாதா: உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? யாய்சுல இருக்கீங்க, குக்கர் கிடைக்கல. அவ்வளவுதான். பாவப்பட என்ன இருக்கு?

ஓயிஷி: அந்த நாலை யாராலயும் ஏத்த முடியாதா?

கட்சுமாதா: சீவாம யாராலயும் முடியாது. என்னாலயும் முடியாது. இப்ப கூட எதிர்ல வச்சு அமுக்கிக்கிட்டுத்தான் பேசறேன். கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். நீங்க மத்த தொண்ணூத்திரெண்டையும் ஏத்தினீங்களே, அதுக்கு மேல அந்த ஃபிரேம்ல ஏத்தறதுக்கு ஒண்ணுமில்ல. முழுசா முடிச்சுட்டீங்க. பிப்ரவரிலேயே முடிச்சுட்டீங்க. இப்பவாவது சொல்லுங்க. எதுக்காக இதெல்லாம்?

ஓயிஷி: நான் முடி வெட்டறவ, கட்சுமாதா சான். முப்பத்தேழு வருஷமா இந்தத் துறைமுகத்துல மீன்பிடிக்கப் போறவங்களுக்கெல்லாம் முடி வெட்டி, சவரம் செஞ்சு விட்டவ. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூளையில ஒரு ரத்தக்குழாய் வெடிச்சு வலது கை போயிடுச்சு. சோப்புக் கட்டி கூட நிக்காது அதுல. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு, ஆனா எவ்வளவு வந்திருக்குன்னு எனக்கே தெரியல. ஒருத்தர் தொண்டையில கத்தியை வைக்கற வேலை. ‘பரவால்ல’ன்னு யாரோ சொன்னதை நம்பி வைக்க முடியாது. ஒரு ஃபிரேம், ஒண்ணு விடாம, எதையும் சீவாம என் கையால கோத்தா கடையைத் திறக்கறது. இல்லன்னா ஜூன் கடைசியோட காலி பண்றது. இதுதான் நானே எனக்குப் போட்டுக்கிட்ட கணக்கு. நாலு நின்னுபோச்சு, அதனால எல்லாத்தையும் வித்துட்டேன். மூணு மணிக்கு வர்றேன்னு சொன்ன லாரி முன்னாடியே வந்து வாசல்ல நிக்குது... கொஞ்சம் லைன்லயே இருங்க. ஏங்க, ஏங்க, உங்களைத்தான். அந்த நாற்காலியை அப்படியே கீழ வைங்க. ஆமா, கண்ணாடிக்கு முன்னாலதான். லாரிக்கு ஆன கூலியை நான் குடுத்துடறேன். அது எங்கயும் போகல.